விசுவாசமா, கீழ்ப்படிதலா? இரட்சிப்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசுவாசித்தால் போதும் என்று ஒருவர் பிரசங்கிக்கிறார். கீழ்ப்படியாதவன் பரலோக வாசலையே பார்க்கமாட்டான் என்று அடுத்த வாரம் அதே மேடையில் இன்னொருவர் பிரசங்கிக்கிறார். இருவர் கையிலும் வசனம் இருக்கிறது, கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் தலை சுற்றுகிறது. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் புராட்டஸ்டண்டு விசுவாசத்தில் நிற்கிறவன், பதில்களும் அங்கிருந்துதான் வருகின்றன. மற்றச் சபைகளின் போதனையைச் சொல்லும் இடங்களில் அவர்களே ஒத்துக்கொள்ளும்படி சொல்ல முயன்றிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இரட்சிப்பு விசுவாசத்தால் மட்டுமா, கீழ்ப்படிதலும் சேர்ந்தா?

கிருபையினால், விசுவாசத்தின் வழியாக. கீழ்ப்படிதல் அதற்கு நாம் கட்டும் விலையில் பாதியும் இல்லை, கால்வாசியும் இல்லை. ஆனால் அந்த விசுவாசம் உயிரோடு இருந்தால் அது கீழ்ப்படியத் தொடங்கிவிடும், தடுமாறியாவது தொடங்கும்.

எபேசியர் 2-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்கிற 8-ம் வசனமும், ஒருவரும் பெருமை பாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல என்கிற 9-ம் வசனமும் பலருக்கு மனப்பாடம். பத்தாம் வசனத்தைச் சொல்லச் சொன்னால் தயங்குவார்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம், நாம் நடக்கும்படி தேவன் அவற்றை முன்னதாகவே ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார் என்று அது சொல்கிறது. பவுல் ஒரே மூச்சில் எழுதியதை நாம் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை வேறு யாரோ எழுதியதுபோல் சண்டை போடுகிறோம். இந்த மூன்று வசனங்களின் வரிசை குலையாமல் இருந்தால், கீழே உள்ள கேள்விகளில் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

அப்படியானால் யாக்கோபு 2:24-ஐ என்ன செய்வது? "விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்று பச்சையாக எழுதியிருக்கிறதே.

எழுதியிருக்கிறதுதான், அதை மழுப்பக் கூடாது. 'விசுவாசத்தினாலே மாத்திரம்' என்ற சொற்கள் சேர்ந்து வருகிற இடமே இந்த வசனம்தான், அதுவும் மறுப்பாக வருகிறது. 16-ம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கே இது தொண்டையில் சிக்கியது. 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வரி எடுக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் அந்த நிருபத்தின்மேல் அவருக்கு இருந்த மனத்தாங்கல் முழுதாகப் போய்விடவில்லை. லூத்தர் எனக்குப் பெரியவர்தான். இந்த இடத்தில் அவரோடு போக முடியவில்லை.

பவுலும் யாக்கோபும் ஒரே மனிதனைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்: ஆபிரகாம். ஆனால் அவன் வாழ்க்கையில் வெவ்வேறு நாட்களைக் காட்டுகிறார்கள். பவுல் (ரோமர் 4) காட்டுவது ஆதியாகமம் 15. பிள்ளையில்லாத ஒரு கிழவன் இரவில் வெளியே நின்று நட்சத்திரங்களைப் பார்க்கிறான், கர்த்தர் சொன்னதை விசுவாசிக்கிறான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணுகிறார். அப்போது அவனுக்கு 86 வயதுகூட ஆகவில்லை, ஏனென்றால் இஸ்மவேல் பிறந்தபோதுதான் 86. விருத்தசேதனம் நடந்ததோ 99-ம் வயதில். இந்தக் கணக்கைத்தான் பவுல் பிடித்துக்கொள்கிறார். நீதிமான் என்று எண்ணப்பட்டது முதலில் நடந்தது, சடங்கு பல ஆண்டுகள் கழித்து வந்தது, ஆகவே சடங்கு அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

யாக்கோபு காட்டுவது ஆதியாகமம் 22. நூறாவது வயதில் பிறந்த ஈசாக்கு இப்போது விறகுக்கட்டைச் சுமந்து மலையேறுகிற பையன், கர்த்தர் கேட்டபடி அவனைப் பலியிட ஆபிரகாம் அழைத்துப்போகிறான். முதல் நிகழ்ச்சிக்கும் இதற்கும் இடையில் 20 ஆண்டுகளாவது ஓடியிருக்கும். யாக்கோபு ஆதியாகமம் 15:6-ஐ மறுக்கவில்லை, அவரே அதை மேற்கோள் காட்டி, மோரியா மலையில் அந்த வேதவாக்கியம் நிறைவேறிற்று என்கிறார். நட்சத்திரங்களுக்குக் கீழே சொன்ன 'ஆமென்' வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பது மலையின்மேல் தெரிந்தது.

இருவருக்கும் எதிரே நிற்பவர்களும் வேறு. ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும் பவுலின் முன்னால், நியாயப்பிரமாணத்தின் (மோசே கொடுத்த சட்டத்தின்) கிரியைகளைக் காட்டி தேவனிடம் உரிமை கேட்கிறவன் நிற்கிறான். யாக்கோபின் முன்னால் நிற்கிறவன், வஸ்திரமும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவன். முதலாமவனிடம் யாக்கோபும் பவுலைப்போல்தான் பேசியிருப்பார். இரண்டாமவனைப் பவுல் சும்மா விட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும் என்று கலாத்தியர் 5:6-ல் எழுதியவர் அவர்தான்.

பிசாசுகளும் விசுவாசிக்கின்றன என்கிறாரே யாக்கோபு. அப்புறம் விசுவாசம் என்பதுதான் என்ன?

தேவன் ஒருவர் என்று பிசாசுகளுக்குத் தெரியும், அது உண்மை என்றும் ஒத்துக்கொள்கின்றன, நடுங்கவும் செய்கின்றன. ஒன்றுதான் இல்லை, அவர்மேல் சாய்வது. சீர்திருத்தக் காலத்து இறையியலாளர்கள் விசுவாசத்தில் மூன்று அம்சங்களைப் பார்த்தார்கள்: செய்தியை அறிவது, அது உண்மை என்று ஏற்பது, அதைச் சொன்னவரிடம் தன்னையே ஒப்படைப்பது. முதல் இரண்டும் இருந்தும் மூன்றாவது இல்லாமல் ஆயுள் முழுவதும் ஆலயத்துக்குப் போய் வர முடியும். பரிசேயர்களுக்கு வேதம் தெரியாமலா இருந்தது?

ஒருவர் சொல்வதை நம்பாமலேயே அவர் சொன்னபடி செய்ய முடியும், பயத்தினால் செய்யலாம், பழக்கத்தினால் செய்யலாம். ஒருவரை முழுக்க நம்பிக்கொண்டே அவர் சொல்வதற்கு எப்போதும் எதிராக நடப்பதுதான் முடியாத காரியம். அதனால் கீழ்ப்படிதலை வைத்து மட்டும் விசுவாசம் உண்டு என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் கீழ்ப்படிதல் கொஞ்சமும் இல்லையென்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

கீழ்ப்படியாமையும் அவிசுவாசமும் ஒன்றேதானா?

வேர் ஒன்று. எபிரெயர் 3-ன் கடைசி இரண்டு வசனங்களைப் பாருங்கள். வனாந்தரத்தில் விழுந்தவர்கள் கீழ்ப்படியாதவர்கள் என்று 18-ம் வசனம் சொல்கிறது, அவிசுவாசத்தினாலே அவர்கள் பிரவேசிக்க முடியாமற்போனது என்று 19-ம் வசனம் சொல்கிறது. ஒரே கூட்டம், ஒரே நிகழ்ச்சி.

அந்த நிகழ்ச்சி எண்ணாகமம் 13, 14-ல் இருக்கிறது. இந்த விஷயம் முழுவதையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கர்த்தர் வாக்களித்த கானான் தேசத்தைப் பார்த்துவரக் காதேசிலிருந்து போன 12 வேவுகாரர் 40 நாள் கழித்துத் திரும்பி வருகிறார்கள். ஒரே குலையுள்ள திராட்சக்கொடியை இரண்டுபேர் ஒரு தடியில் கட்டித் தூக்கி வருகிறார்கள், கூடவே மாதளம்பழங்கள், அத்திப்பழங்கள். தேசம் நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவர்களில் பயந்து பின்வாங்கிய பத்துப்பேரும் அதை வாயாலேயே சொல்கிறார்கள். தேவன் உண்டா என்ற சந்தேகமும் இல்லை, கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் அவர் அங்கே கொண்டுபோய் விடுவார் என்று நம்பத் தயாராக இல்லை, எகிப்துக்குத் திரும்பிப் போகத் தலைவனைத் தேடுகிறார்கள். அறிவு இருந்தது, ஒப்புதலும் இருந்தது, ஒப்படைப்பு இல்லை.

பெரும்பாலும் பிரசங்கம் இந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த நாள் காலை நடந்தது. அந்தத் தேசத்துக்குள் போகமாட்டீர்கள் என்ற தண்டனையைக் கேட்டதும் அதே ஜனங்கள் அதிகாலையில் எழுந்து, "நாங்கள் பாவஞ்செய்தோம், கர்த்தர் சொன்ன இடத்துக்கு இதோ போகிறோம்" என்று மலையேறுகிறார்கள். நேற்றுப் போ என்றார், போகவில்லை. இன்று போகாதே என்று மோசே தடுக்கிறார், போகிறார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்தை விட்டு நகரவில்லை. அமலேக்கியரும் கானானியரும் இறங்கி வந்து ஓர்மா வரைக்கும் அவர்களை முறியடிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டாம் நாள் செய்ததுதான் முந்தின நாள் கேட்கப்பட்ட கீழ்ப்படிதல். திசை அதுதான், தேசமும் அதுதான். ஆனால் அவர் கூட வருகிறாரா என்ற கேள்வியே அங்கே இல்லை, செய்துவிட்டால் தண்டனை நீங்கிவிடும் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. விசுவாசமில்லாத கீழ்ப்படிதல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்த மலையைத்தான் காட்டுவேன்.

சரி, குறைந்தபட்சம் எவ்வளவு கீழ்ப்படிந்தால் இரட்சிக்கப்படலாம்?

அப்படி ஓர் அளவு கிடையாது. கீழ்ப்படிதலை வைத்துத்தான் கணக்கு என்றால் கேட்கப்படுவது முழுவதும். ஒன்றிலே தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி என்கிறார், கிரியைகளுக்காக வாதாடிய அதே யாக்கோபு (2:10). அறுபது சதவீதத்தில் தேர்ச்சி பெறும் வழி அங்கே இல்லை.

அந்த முழுக் கீழ்ப்படிதலைக் கொடுத்தவர் ஒருவர்தான். "ஒருவருடைய கீழ்ப்படிதலினாலே அநேகர் நீதிமான்களாக்கப்படுவார்கள்" (ரோமர் 5:19). பிலிப்பியர் 2:8 அதைச் சிலுவையின் மரணபரியந்தம் கொண்டுபோகிறது. ஆகவே இரட்சிப்பு கீழ்ப்படிதலினால் உண்டானது என்று யாராவது சொன்னால், யாருடைய கீழ்ப்படிதல் என்று கேளுங்கள். கிறிஸ்துவினுடையது என்றால் ஆமென். என்னுடையது என்றால் நான் தொலைந்தேன்.

இரட்சிப்புக்குக் கிரியை தேவையில்லை என்றால் கற்பனைகள் எதற்குக் கொடுக்கப்பட்டன?

யாத்திராகமத்தின் வரிசையைப் பாருங்கள். 12-ல் பஸ்கா, 14-ல் கடலைக் கடப்பது, 20-ல்தான் பத்துக் கற்பனைகள். அந்தப் பத்துக்கும் முன்னால் வருவது, "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற வாசகம். கற்பலகைகளை எகிப்துக்கு அனுப்பி, இதையெல்லாம் சரியாகச் செய்தால் விடுதலை தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. தத்தெடுக்கப்பட்ட பிள்ளை அந்த வீட்டு ஒழுங்கைக் கற்றுக்கொள்வது வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வார்கள் என்பதற்காக அல்லவே.

அதே சமயம், எகிப்தின் தலைப்பிள்ளைகள் மடிந்த அந்தப் பஸ்கா இரவையும் கவனியுங்கள். ஆட்டின் இரத்தத்தை நிலைக்கால்களில் பூசவேண்டும் என்று சொல்லப்பட்டது. 'நான் மனதளவில் நம்புகிறேன், பூசத் தேவையில்லை' என்று ஒருவன் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவன் சொன்ன நம்பிக்கைக்கு என்ன பொருள்? பூசிய கையைப் பார்த்து அல்ல, இரத்தத்தைக் கண்டுதான் கர்த்தர் கடந்துபோனார். எபிரெயர் 11:28 அந்தச் செயலையே விசுவாசம் என்கிறது.

மனந்திரும்புதல்கூட ஒரு கிரியைதானே? அதையும் சேர்த்தால் கிருபை எங்கே?

இதற்கு லூக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் இரண்டு பணக்காரர்கள் போதும். 18-ம் அதிகாரத்தில் வருகிற தலைவன், கற்பனைகளைச் சிறுவயது முதல் கைக்கொண்டவன், என்ன செய்யவேண்டும் என்று கேட்டு வருகிறான், எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பின்பற்றி வா என்றதும் துக்கமடைகிறான். 19-ம் அதிகாரத்தில் எரிகோ ஊர் சகேயு, ஆயக்காரருக்கு (வரி வசூலிப்பவர்களுக்கு) தலைவன், காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு அவனிடம் எந்த நிபந்தனையும் போடவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார், அவ்வளவுதான். அவன் சந்தோஷத்தோடு இறங்கி வந்து அவரை அழைத்துக்கொண்டு போகிறான், ஊரே முறுமுறுக்கிறது.

அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று பேசுகிறான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு. தானாகவே குற்றத்தை ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5:7. நாலத்தனை என்பது ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ நியாயப்பிரமாணம் விதித்தது (யாத்திராகமம் 22:1). சகேயு தன்னைத் தானே திருடர் பட்டியலில் சேர்த்துக்கொண்டு அந்தக் கணக்கில் கொடுக்கிறான், யாரும் கேட்காமல். இதைப் பார்த்த பிறகுதான் இயேசு "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதற்கு முன்னால். மனந்திரும்புதல் கிருபை கிடைப்பதற்காகக் கொடுக்கிற கட்டணமாக அங்கே இல்லை, கிருபை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அந்த மனிதனிடமிருந்து பொங்கி வருகிறது.

ஞானஸ்நானம் பெறாவிட்டால் இரட்சிப்பு இல்லையா?

சபைகள் உண்மையாகவே பிரிகிற இடம் இது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் லூத்தரன்களும் ஞானஸ்நானத்தின் வழியாகத் தேவன் மறுபிறப்பைத் தருகிறார் என்கிறார்கள். பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தே சபைகளில் பலவும் அதை ஏற்கெனவே விசுவாசித்தவன் கொடுக்கும் சாட்சியாகப் பார்க்கிறார்கள். கிறிஸ்துவின் சபை என்ற பெயரில் கூடுகிறவர்கள் அப்போஸ்தலர் 2:38-ஐக் காட்டி, பாவமன்னிப்புக்குத் தண்ணீரில் முழுகுவது அவசியம் என்பார்கள்.

என் நிலையைச் சொல்கிறேன். கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே பரிசுத்த ஆவி இறங்கினார், தண்ணீர் பிறகு வந்தது (அப்போஸ்தலர் 10). ஆகவே தேவன் தண்ணீருக்குக் காத்திருக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே பேதுரு, ஆவியைப் பெற்றுவிட்டார்கள், இனி ஞானஸ்நானம் எதற்கு என்று விட்டுவிடவில்லை, கொடுக்கக் கட்டளையிட்டார். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் அந்த இராத்திரியிலேயே பெற்றுக்கொண்டான். அதைத் தள்ளிப்போடுவதைப் புதிய ஏற்பாட்டில் யாரும் ஒரு வாய்ப்பாகவே நினைக்கவில்லை.

தேவை என்று அழுத்திச் சொல்லும் சபைகளும் இதை இயந்திரமாக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கி.பி. 392-ல் இளம் ரோமப் பேரரசன் இரண்டாம் வாலண்டினியன் ஞானஸ்நானம் பெற விரும்பியிருந்தும் பெறுவதற்கு முன்பே இறந்துபோனான். அவன் கேட்டதைத் தேவன் மறுத்திருக்கமாட்டார் என்று அவன் சகோதரிகளுக்கு ஆறுதல் சொன்னவர் மிலான் ஆயர் அம்புரோசியார். விரும்பியும் கிடைக்காமல் போவது வேறு, கிடைத்தும் வேண்டாம் என்பது வேறு.

சிலுவையிலிருந்த கள்ளன் ஒன்றும் செய்யவில்லையே?

ஞானஸ்நானம் இல்லை, சபை இல்லை, காணிக்கை இல்லை, திருத்திக்கொள்ள நாளும் இல்லை. இருந்தும் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குத்தான் கிடைத்தது. கிரியைகளால் இரட்சிப்பு என்கிற எந்தப் போதனையும் இந்த மனிதனைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் லூக்கா 23-ஐ நிதானமாக வாசித்தால் அவன் சும்மா இருக்கவில்லை என்பதும் தெரியும். கைகால் அசைக்க முடியாத நிலையில் வாய் ஒன்றுதான் மிச்சம். அதைக்கொண்டு கூட்டாளியைக் கடிந்துகொண்டான், தன் தண்டனை நியாயம் என்று ஒத்துக்கொண்டான், எல்லாரும் ஏளனம் செய்துகொண்டிருந்தவரை ராஜா என்று அறிக்கையிட்டான்.

கத்தோலிக்கர்கள் கிரியைகளால் இரட்சிப்பு என்றுதானே போதிக்கிறார்கள்?

இல்லை. இதைச் சொன்னால் என் பக்கத்து ஆட்களே கோபப்படுவார்கள், ஆனாலும் பிறனைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து (Trent) சங்கம் 1547 ஜனவரி 13-ம் தேதி நிறைவேற்றிய தீர்மானத்தின் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் கிருபை இல்லாமல் மனிதன் தன் செயல்களாலேயே தேவனுக்கு முன் நீதிமானாக முடியும் என்று சொல்கிறவனைச் சபிக்கிறது. அதே தீர்மானம் 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற வாய்ப்பாட்டையும் கண்டிக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். நீதிமானாக்குவது என்பதில் உள்ளான புதுப்பிப்பும் அடக்கம், கிருபையோடு ஒத்துழைத்து அதில் வளரவேண்டும் என்பது அவர்கள் போதனை. கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எண்ணப்படுவதே நீதிமானாக்குவது, புதுப்பிப்பு அதோடு பிரியாமல் வந்தாலும் வேறு காரியம் என்பது சீர்திருத்தத்தாரின் போதனை.

1999 அக்டோபர் 31-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டும், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்கிறார், நற்கிரியைகளுக்கு நம்மை ஆயத்தப்படுத்தி அழைக்கிற ஆவியானவரையும் தருகிறார் என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் இணைந்தன. எல்லாரும் ஏற்கவில்லை, பழமையைப் பிடித்து நிற்கும் லூத்தரன் சபைகள் சில விலகியே நின்றன. வேறுபாடு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று நானும் நினைக்கவில்லை. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லவேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

இரட்சிப்பு நிச்சயம் என்றால், இனி எப்படி வாழ்ந்தால் என்ன?

இந்தக் கேள்வி பவுலுக்கே வந்தது, அவர் பதில் ரோமர் 6-ன் தொடக்கத்தில் இருக்கிறது: பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம்? பயமுறுத்தாமல், நீங்கள் இப்போது யார் என்பதை நினைப்பூட்டுகிறார்.

1980-களின் கடைசியில் அமெரிக்காவில் இதன்மேல் பெரிய விவாதம் நடந்தது. இயேசுவை இரட்சகராக இன்று ஏற்றுக்கொண்டு, ஆண்டவராக வேறொரு நாள் ஏற்கலாமா? முடியாது என்று போதகர் ஜான் மெக்கார்தர் 1988-ல் எழுதினார். கீழ்ப்படிய ஒப்புக்கொள்வதை நிபந்தனையாக்கினால் இலவச ஈவு இலவசமாக இருக்காது என்று இறையியலாளர் சேன் ஹாட்ஜஸ் அடுத்த ஆண்டே மறுத்து எழுதினார். ஹாட்ஜஸின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் கிறிஸ்துவைப் பாதியாக வெட்டித் தர யாருக்கும் அதிகாரமில்லை. மன்னிக்கிறவரும் ஆளுகிறவரும் ஒரே ஆள்.

இதை எல்லாரையும்விடக் கூர்மையாகச் சொன்னவர் ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். விசுவாசிக்கிறவன் மட்டுமே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவன் மட்டுமே விசுவாசிக்கிறான் என்று 1937-ல் எழுதினார். மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பை மலிவான கிருபை என்றார். ஹிட்லரின் ஆட்சிக்குச் சபை தலையாட்டிக்கொண்டிருந்த நாட்களில் எழுதியது அது. 1945 ஏப்ரல் 9-ம் தேதி ஃப்ளாஸன்பர்க் வதைமுகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள், வயது 39.

நான் விசுவாசிக்கிறேன். ஆனால் ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். என் விசுவாசம் பொய்யா?

இறையியல் கேள்விபோல் வேறு எதைக் கேட்டாலும், பலர் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான். ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற கேள்வி இது. அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

விழுகிறவனுக்கும் குடியிருக்கிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. நீங்கள் இதைக் கேட்கிறீர்கள், வலியோடு கேட்கிறீர்கள். பாவத்தோடு சமாதானமாகக் குடும்பம் நடத்துகிறவன் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, யாராவது கேட்டாலும் எரிச்சல்படுவான். யோவான் தன் முதல் நிருபத்தில் தேவனால் பிறந்தவன் பாவஞ்செய்யான் என்று எழுதுகிறார், அதைப் படித்துவிட்டுத்தான் பலர் நொறுங்கிப்போகிறார்கள். அதே நிருபத்தில், நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்றும், ஒருவன் பாவஞ்செய்வானானால் நீதிபரராகிய இயேசுகிறிஸ்து பிதாவினிடத்தில் நமக்காகப் பரிந்துபேசுகிறார் என்றும் முன்னாலேயே எழுதிவிட்டார். பின்னால் வருவதை முன்னால் உள்ளதோடு சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும். விழவே மாட்டான் என்பதல்ல, அதையே வழியாக வைத்துக்கொள்ளமாட்டான் என்பதுதான் அவர் கருத்து.

இன்னொன்று. உங்கள் விசுவாசம் எவ்வளவு பலமானது என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் நிச்சயம் வராது. இரட்சிக்கிறது விசுவாசத்தின் பலம் இல்லை, அது பிடித்திருக்கிற ஆள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் பிள்ளை குணமானான் (மாற்கு 9). அரைகுறை விசுவாசம்தான் அது, ஆனால் போய்ச் சேர்ந்த இடம் சரியாக இருந்தது.

செய்யவேண்டியதும் இருக்கிறது. தனியாகப் போராடாதீர்கள். நம்பத்தகுந்த ஒருவரிடம் பெயர் சொல்லி அந்தப் பாவத்தை அறிக்கையிடுங்கள் (யாக்கோபு 5:16). விழும் நேரமும் இடமும் உங்களுக்குத் தெரியும், அதற்கு முந்தின படியிலேயே வழியை மாற்றுங்கள். அது அடிமைப்பழக்கமாகவோ மனநோயோடு பின்னிக்கொண்டதாகவோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள், அப்படிப் போவது அவிசுவாசம் இல்லை.

"கர்த்தாவே! கர்த்தாவே!" என்பவனெல்லாம் பிரவேசிப்பதில்லை என்றாரே (மத்தேயு 7:21). பயமாக இருக்கிறது.

பயப்படுவதற்கு முன்னால் அந்த ஆட்கள் என்ன சொல்லி வாதாடுகிறார்கள் என்று கேளுங்கள். தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம். அவர்கள் கொண்டுவந்ததே கிரியைகளின் பட்டியல்தான், அதுவும் மேடையில் நடப்பவை. உம்மை அறிந்தோம், எங்கள்மேல் இரக்கமாயிரும் என்று ஒருவனும் சொல்லவில்லை. அவர் சொன்ன பதிலும் "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்பது. கூடவே அக்கிரமச் செய்கைக்காரர் என்றும் சொன்னார், அதாவது ஊழியம் பெரிதாக இருந்தது, வாழ்க்கை அழுகியிருந்தது. இந்த வசனத்துக்கு நடுங்க வேண்டியவர்கள் வரத்தின் பெயரால் வாழ்க்கையை மூடி வைக்கிறவர்கள்.

இரட்சிப்பை இழக்க முடியுமா?

1618-19-ல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் சங்கம், தேவன் உண்மையாய் அழைத்தவர்களைக் கடைசிவரை காப்பார் என்று தீர்த்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, விசுவாசத்தை விட்டு விழுந்துபோவதைப் பற்றி எபிரெயர் 6-ம் 10-ம் எச்சரிப்பது நடக்கக்கூடிய ஒன்றைத்தான் என்றார். நான் முதல் பக்கம் சாய்கிறேன். ஆனால் கிறிஸ்துவை மறுதலித்து அதிலேயே நிலைத்துவிட்ட ஒருவனைப் பார்த்து "நீ பத்திரமாக இருக்கிறாய்" என்று இரண்டு பக்கத்தாரும் சொல்லமாட்டார்கள். ஒருவர் அவன் இழந்துவிட்டான் என்பார், இன்னொருவர் அவனிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை என்பார். இருவரும் அவனுக்குக் கொடுக்கும் அழைப்பு ஒன்றுதான்: திரும்பி வா.

எங்கள் சபைத் தலைவருக்குக் கீழ்ப்படியாவிட்டால் இரட்சிப்பே போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பொய். இதை மட்டும் பதமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள்" என்ற எபிரெயர் 13:17-ஐத்தான் காட்டுவார்கள். அந்த வசனம் அங்கேயே அந்தத் தலைவர்களும் கணக்கொப்புவிக்க வேண்டியவர்கள் என்கிறது, அதைச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். தேவனுடைய சுதந்தரத்தை, அதாவது அவருக்குச் சொந்தமான ஜனத்தை, இறுமாப்பாய் ஆளாதீர்கள் என்று மூப்பர்களுக்குப் பேதுரு எழுதினார் (1 பேதுரு 5:3). உங்கள் விசுவாசத்துக்கு நாங்கள் அதிகாரிகள் அல்ல, உங்கள் சந்தோஷத்துக்குச் சகாயர் என்று பவுல், ஒரு அப்போஸ்தலன், எழுதினார் (2 கொரிந்தியர் 1:24).

இரட்சிக்கிற விசுவாசம் கிறிஸ்துவின்மேல் வைப்பது, அதிலிருந்து வரும் கீழ்ப்படிதலும் அவருக்கு உரியது. வேதம் சொல்வதை ஒரு போதகர் எடுத்துச் சொன்னால் கேளுங்கள், அது நல்லது, நமக்கு அது தேவையும்கூட. யாரை மணப்பது, சம்பளத்தில் எவ்வளவு தருவது, பெற்றோரோடு பேசலாமா கூடாதா என்பதையெல்லாம் தன் தரிசனத்தை வைத்து ஒருவர் தீர்மானித்து, மீறினால் நரகம் என்றால், அது வேதம் பேசுகிற கீழ்ப்படிதல் இல்லை. மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று பேதுரு சொன்னது யாரிடம் என்று நினைவிருக்கிறதா? எருசலேமின் ஆலோசனைச் சங்கத்திடம், பிரதான ஆசாரியனின் முகத்துக்கு நேராக. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் இருந்தால், வெளியே உள்ள நம்பிக்கையான ஒரு விசுவாசியிடமோ குடும்பத்தாரிடமோ நடப்பதைச் சொல்லுங்கள். அங்கிருந்து கிளம்பினால் கிறிஸ்துவை விட்டுப் போவதாக ஆகாது.